கூட்டம் எங்கே என்று ஒரு பலகை வையுங்கள்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

டாஸ்மாக் கடைக்கு நம் மாவட்டத்தில் யாரும் வழி கேட்பதில்லை. பகல் 12 மணிக்குத் திறப்பார்கள், இரவு 10 மணிக்கு அடைப்பார்கள் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் எங்கே, என்ன கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். ஊராட்சி அலுவலகத்தில் தெரியாது, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்திலும் தெரியாது.

என் அண்ணன் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்து, கை நடுக்கம் நின்று வீட்டுக்கு வந்தபோது சீட்டில் மாத்திரைகள் இருந்தன. சாயங்காலம் ஆறு மணியானால் எங்கே போய் உட்காருவது என்று அதில் இல்லை. "இனிமே குடிக்காமப் பாத்துக்கோங்க" என்று மதினியிடம் சொல்லி அனுப்பினார்கள். மதினி எதையென்று பார்ப்பார்? தானும் ஏஏ மீட்டிங்குக்குப் போகிறவர் என்பதை எங்களிடம் மட்டும் சொல்லி, ஊர்க்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனதால் எங்களுக்கு வழி கிடைத்தது. அப்படி ஓர் ஆள் இல்லாத வீடுகளுக்காகத்தான் இந்த மடல்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தங்கள் குடியைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் தொடங்கியது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் ஆசை. கட்டணம் கிடையாது. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் போடுவார்கள், வாடகையும் டீச்செலவும் அதிலிருந்துதான். வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு. ஆகவே உங்களிடம் நிதி கேட்கவில்லை. திறப்பு விழாவும் பிளக்ஸும், 'பயனாளிகளை' வரிசையில் நிறுத்தி எடுக்கிற போட்டோவும் தயவுசெய்து வேண்டாம். அவை வந்தால் அன்றைக்கே அறை காலியாகிவிடும்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதனால் யார் என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன். எது கேட்கப்படவில்லை என்று சொல்லலாம். நம் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் "எந்த ஊரு?" என்பார்கள், அடுத்து "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணனோடு நான் போன, வெளியாரும் உட்காரலாம் என்கிற ஓப்பன் மீட்டிங்கில் அதை யாரும் கேட்கவில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே புகுந்து புத்தி சொல்லவும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் குடிக்காதே என்று யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு, நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பார்ப்போம், அவ்வளவுதான். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து மறுநாளே கடைக்குப் போன ஆள், இந்த ஒரு நாள் கணக்கில் நிற்கிறான்.

சிக்கல் அறையில் இருக்கிறது. சர்ச் வளாகம் என்றால் 'மதம் மாத்திருவாங்களோ' என்று சில வீடுகள் தயங்குகின்றன. ஒரு சமுதாயத்தாரின் மண்டபம் என்றால் மற்றத் தெருக்காரர்கள் படி ஏற மாட்டார்கள். அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர், திசையன்விளை போன்ற ஊர்களில் கிளை நூலகமோ ஊராட்சி ஒன்றியப் பள்ளியோ ஆரம்ப சுகாதார நிலையமோ வாரத்தில் ஓரிரு சாயங்காலம் ஓர் அறை தரட்டும். வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், சும்மா கொடுத்தால் அவர்களே யோசிப்பார்கள். பாளையங்கோட்டையில் எட்டரைக்குக் கூட்டம் முடிந்து களக்காட்டுக்காரர் வேய்ந்தான்குளத்தில் பஸ் ஏறுவதற்குள், வழியில் உள்ள கடை ஒவ்வொன்றும் திறந்தேதான் இருக்கிறது.

அடுத்தது பலகை. குழுக்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதித்த இடம், கிழமை, நேரம் மட்டும் எழுதுங்கள். மறைக்க வேண்டியது வருகிறவர்களின் பெயரை. அறை இருக்கும் இடம் ஊருக்கே தெரியலாம். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் பஸ் நிலையத்திலும் ரேஷன் கடையிலும் வையுங்கள். டாஸ்மாக் கடை வாசலிலும்தான். மது கேடு என்று பாட்டிலிலேயே அச்சடிக்கிறோம். கேடு என்று தெரியாமல் அந்த வரிசையில் ஒருவரும் நிற்கவில்லை. எங்கே போவது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அது நடக்கிற இடத்தையும் எழுதுங்கள். முக்கூடலில் பீடி சுற்றி வீட்டை நடத்துகிற பெண்களுக்கு, புருஷன் வராவிட்டாலும் தான் போகலாம் என்பதே புதுச் செய்தியாக இருக்கும்.

மீட்டிங் வைத்தியத்துக்கு மாற்று இல்லை என்பதும் பலகையில் இருக்கட்டும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர். ராத்திரி நேரத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணையும் பெரிதாக எழுதுங்கள், தமிழிலேயே பேசலாம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளத்தில் உங்கள் அலுவலகத்துக்கு வந்து இதையே மனுவாகவும் கொடுக்கிறேன். அதில் என் பெயரும் முகவரியும் இருக்கும், அண்ணன் பெயர் இருக்காது.

இப்படிக்கு,
சேரன்மகாதேவி வட்டத்திலிருந்து ஒரு குடிநோயாளியின் தம்பி