நூலகச் செய்திமடலில் இடம்பெறாத செய்திகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக நூலகங்களில் இப்போது அடிக்கடி நடைபெறும் வாசிப்பு வாரங்கள், நூற்காட்சிகள், எழுத்தாளர் சந்திப்புகள் ஆகியவற்றைப் பாராட்டித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டி வருபவன் என்ற முறையில், நூலகத்துக்குள் கூட்டம் வருவதைக் கண்டு நானும் மகிழ்கிறேன். ஆயினும் நூலகத்தின் செய்தி என்றாலே நடந்து முடிந்த நிகழ்ச்சியின் படமும் வரவேற்புரையும்தான் என்ற எண்ணம் அக்கட்டுரையிலும் இருந்தது. நூலகங்கள் வெளியிடும் செய்திமடல்களிலும் அதுவே நிறைந்திருக்கிறது. நூலகத்தை நம்பி வேலை செய்பவருக்கு மிகவும் தேவைப்படும் செய்திகள் அந்த மடல்களில் வருவதில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது, பழைய ஆய்விதழ் ஒன்றின் பல இதழ்களை ஒன்றாகத் தைத்துக் கட்டிய தொகுதிகள் எனக்குத் தேவைப்பட்டன. நூற்பட்டியல் அவை அடுக்கில் இருப்பதாகக் காட்டியது. அடுக்கில் நூலின் இடத்தைக் காட்டும் வகைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு மூன்று நாள்கள் அடுக்கடுக்காகத் தேடினேன். பக்கத்து அடுக்குகளில் தவறாக வைக்கப்பட்டிருக்குமோ என்று அவற்றையும் பார்த்தேன். நான்காம் நாள், இரவல் பிரிவில் இருந்த மூத்த ஊழியர் ஒருவர் பரிவோடு உண்மையைச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தளத்தில் மழைநீர் இறங்கியதாம், நனைந்த தொகுதிகளுள் சிலவற்றைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம், மற்றவற்றை நூலக இருப்பிலிருந்தே கழித்துவிட்டார்களாம். அந்த இரண்டு ஆண்டுகளில் அந்நூலகம் வெளியிட்ட மடல்களைப் பிறகு தேடியெடுத்துப் படித்தேன். விழாக்கள் அனைத்தும் விரிவாகப் பதிவாகியிருந்தன. மழைநீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. அண்மையில் என் மாணவி ஒருவர், ஆய்வுக் கட்டுரைகளைத் தரும் இணையத் தரவுத்தளம் ஒன்றில் நுழைய முடியாமல் இரண்டு வாரங்கள் திண்டாடினார். கடவுச்சொல்லில்தான் ஏதோ பிழை என்று நம்பி அதைப் பலமுறை மாற்றிப் பார்த்திருக்கிறார். உண்மையில் அந்தத் தரவுத்தளத்தின் சந்தா புதுப்பிக்கப்படவில்லை. பணம் போதாமல் சந்தாவை நிறுத்துவது எந்த நூலகத்துக்கும் நேரக்கூடியதே. அதற்காக நான் யாரையும் குறை கூறவில்லை. 'இன்ன நாள் முதல் இது கிடைக்காது. தேவைப்படும் கட்டுரைகளை நூலகங்களுக்கிடையிலான இரவல் வழியாகக் கேட்டுப் பெறலாம்' என்ற இரண்டு வரி அறிவிப்பு அந்தப் பெண்ணின் இரண்டு வாரங்களைக் காப்பாற்றியிருக்கும் என்பதே என் வருத்தம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்து, 1931இல் நூலாக வெளிவந்த ஐந்து விதிகளை நூலகவியல் படித்தவர்கள் அனைவரும் அறிவார்கள். அவற்றுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அட்டைப் பட்டியலையும் அடுக்குகளின் ஒழுங்கையும் மனத்தில் வைத்துப் பெரும்பாலோர் இந்த விதியை விளக்குகிறார்கள். இல்லாத ஒன்றை இல்லை என்று உரிய நேரத்தில் சொல்வதும் இதே விதிக்குள் அடங்கும் என்பது என் துணிபு.

இழப்பை வெளியே சொன்னால் நூலகத்தின் பெயர் கெடும் என்று பொறுப்பில் இருப்பவர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்கு எதிர்ச்சான்றாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்ததைச் சொல்லலாம். சார்லஸ் டார்வின் 1837இல், உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததைக் காட்டும் உயிரின மரத்தை முதன்முதலாக வரைந்து பார்த்த குறிப்பேடும் அதனோடு இருந்த மற்றொரு குறிப்பேடும், படமெடுப்பதற்காக 2000 நவம்பரில் பாதுகாப்பு அறையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. 2001 ஜனவரியில் நடந்த வழக்கமான சரிபார்ப்பின்போது அவை உரிய இடத்தில் இல்லை. கோடிக்கும் மேற்பட்ட நூல்களும் வரைபடங்களும் சுவடிகளும் உள்ள அந்தக் கட்டடத்தில் எங்கோ இடம் மாறி இருக்கும் என்றே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பினார்கள். பிறகு விரிவாகத் தேடிப் பார்த்து, அவை திருடப்பட்டிருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்து, 2020 நவம்பரில் நூலகம் அதை உலகறிய அறிவித்தது. செய்தி தெரிந்தவர்கள் உதவுமாறு பொதுமக்களிடம் வேண்டுகோளும் விடுத்தது. பதினாறு மாதங்களுக்குள், 2022 மார்ச்சில், நூலகரின் அலுவலகத்துக்கு வெளியே இளஞ்சிவப்புப் பை ஒன்றில் இரண்டு குறிப்பேடுகளும் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன. கொண்டுவந்து வைத்தவர் யார், என்ன மனநிலையில் வைத்தார் என்பதைப் பற்றி நான் ஊகிக்க விரும்பவில்லை. மௌனமாகக் கழிந்த இருபது ஆண்டுகளில் வராதவை, வெளிப்படையாகச் சொன்ன பின்பு வந்து சேர்ந்தன என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். வந்தவற்றை அந்நூலகம் அதே ஆண்டு ஜூலையில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அந்தக் காட்சிக்கு எவ்வளவு பொருள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

சந்தா விஷயத்திலும் இதே நேர்மைக்கு முன்மாதிரி உண்டு. பத்து வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ஆய்விதழ்களை வெளியிடும் எல்செவியர் பதிப்பகத்தோடு சந்தா குறித்து நடத்திய பேச்சு முறிந்ததை 2019 பிப்ரவரி இறுதியில் தானே அறிவித்தது. எந்த இதழ்கள் கிடைக்காமல் போகலாம், அவற்றிலுள்ள கட்டுரைகளை வேறு எந்த வழிகளில் பெறலாம் என்பதை அதன் நூலகங்கள் முன்கூட்டியே விளக்கின. அந்த ஆண்டு ஜூலையில் புதிய கட்டுரைகளுக்கான அணுகல் நின்றபோது, ஆய்வாளர்களுக்குக் காரணமும் தெரிந்திருந்தது, மாற்றுவழியும் தெரிந்திருந்தது. 2021 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஆசிரியர்கள் பலர் நூலகத்தின் பக்கம் நின்றார்கள். அந்த ஆதரவு, செய்தியை மறைத்திருந்தால் கிடைத்திருக்காது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2021 ஏப்ரல் 18 அன்று மலையில் பற்றிய தீ, ஜாகர் நூலகத்தின் வாசிப்புக் கூடத்தை எரித்தது. ஆப்பிரிக்க ஆய்வுகள் தொடர்பான அச்சு நூல்களுள் பெரும்பகுதி அழிந்தது. நிலவறையில் இருந்த தொகுப்புகள் தீயிலிருந்து தப்பினாலும் தண்ணீரில் நனைந்தன. அங்கும் எது போயிற்று, எது மிஞ்சியது என்று தெரியத் தெரிய வெளியே சொன்னார்கள். அழைப்பை ஏற்றுத் தன்னார்வலர்கள் திரண்டு வந்து, ஈரமான ஏடுகளைப் பெட்டி பெட்டியாக வெளியே எடுக்க உதவினார்கள். நனைந்த தாளில் பூஞ்சை படிய இரண்டு மூன்று நாள்களே போதும். அதற்குள் உலர்த்த முடியாதவற்றை உறைய வைத்தாக வேண்டும். அந்த வேகம் ஊழியர்களால் மட்டும் கைகூடுவதில்லை. என் மாணவப் பருவத்தில் நனைந்த அந்தத் தொகுதிகளுக்காக எங்களுள் ஒருவரை அழைத்திருந்தாலும் நாங்கள் ஓடிப்போய் நின்றிருப்போம். இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல மடல்கள், நிகழ்ச்சி முடிந்து பல வாரங்கள் கழிந்த பின் வருகின்றன. ஆய்வில் எடுத்தாளும் நூல்களையும் கட்டுரைகளையும் பட்டியலிட்டு ஒழுங்குபடுத்த உதவும் மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் பயிற்சி நடந்ததென்று அதற்கு வர இயலாமற்போன மாணவருக்குத் தெரிவிப்பதால் அவருக்கு என்ன பயன்? ஆய்வகத்தில் வேலை இருக்கும் நேரத்திலேயே பயிற்சியையும் வைத்துவிட்டு, வந்தவர் தொகை குறைவு என்று வருந்துவதையும் பார்த்திருக்கிறேன். ஆய்வு முடிவுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்வதை வலியுறுத்தும் திறந்த அணுகல் வாரம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருகிறது. 2008இல் ஒரு நாளாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே ஒரு வாரமாக விரிந்த உலகளாவிய நிகழ்வு அது. சுவரொட்டிப் போட்டியோடு அதை முடித்துவிடாமல், ஒரு மாணவர் தம் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எப்படிப் பதிவேற்றுவது, பதிப்பாளரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் எந்த உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்வது என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தால், அந்தப் பாடம் அவருடைய ஆய்வு வாழ்வு முழுவதும் உடன்வரும். இதைச் செய்யக்கூடிய திறமை நூலகர்களிடம் நிறையவே இருக்கிறது என்பதை நான் நேரில் அறிவேன். அவர்களுடைய நேரத்தை மேடை ஏற்பாடுகள் எடுத்துக்கொள்கின்றன.

தங்கள் இதழ் நூலகங்களின் மீது அக்கறை கொண்டது என்பதால் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். அடுத்த முறை ஒரு பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே நடந்த விழாவைக் கேட்டறிவதோடு, கடைசியாக இருப்புச் சரிபார்ப்பு எப்போது நடந்தது, அதில் காணாமற்போனவை எத்தனை, இவ்வாண்டு எந்தச் சந்தாக்கள் நின்றன, எந்த நூல்கள் கழிக்கப்பட்டன என்பவற்றையும் தங்கள் செய்தியாளர் கேட்டு எழுத வேண்டும். விடை உடனே கிடைக்காமற்போகலாம். இதழொன்று ஆண்டுதோறும் கேட்கிறது என்று தெரிந்தால், அந்தக் கணக்கை ஆயத்தமாக வைத்துக்கொள்ள நூலகங்கள் பழகும். அது செய்திமடலின் முதற்பக்கத்துக்கும் ஒருநாள் வந்து சேரும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆய்வு நெறியாளர் ஒருவர்