செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: இந்த முறை கரை முதலில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் குளச் சங்கத்தின் அறிக்கை எப்போதும் படகில் தொடங்கும். அப்புறம் மீன்குஞ்சு, சந்தா பாக்கி. கடைசியில் ‘குளத்தின் மண் கரை நல்ல நிலையில் உள்ளது’ என்று ஒரு வரி. அந்த வரியை ஆறு வருடமாக எழுதி வந்தவன் நான். கரையில் முழுக்க நடந்து பார்த்துவிட்டு எழுதியது இரண்டு வருடம்தான். அதனால் இந்த முறை கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

டிசம்பர் நடுவில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். விடியற்காலை தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினார். “சார், குளம் தளும்புது, மறுகால்ல தண்ணியே போகல” என்றார். குடையோடு ஓடினேன். உபரி நீர் வெளியேறும் மறுகாலின் குறுக்கே நாம் கட்டியிருந்த மீன்வலையில் சில்வர் ஓக் இலை, காப்பிச் செடியின் கவாத்துக் குச்சி, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் சேர்ந்து மெத்தை போல அடைத்திருந்தது. தண்ணீர் கரையின் மேல்மட்டத்தைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. காவல்காரர் அரிவாளால் வலையை அறுத்தார். வலையோடு அரிவாளும் போனது. (புது அரிவாள் செலவுக் கணக்கில் இருக்கிறது.) மீனும் கொஞ்சம் போனது. அரை மணி நேரத்தில் மட்டம் நான்கு விரற்கடை இறங்கியது.

அந்த வலையை 2022 பொதுக்குழுவில் முன்மொழிந்தது நான்தான். ஆண்டுதோறும் வாங்கிக் குளத்தில் விடும் கெண்டைக் குஞ்சு மழைக்காலத்தில் ஓடைக்குப் போய்விடுகிறதே என்ற ஆதங்கம். இதே ஆதங்கம் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி கிளப்புக்கும் இருந்திருக்கிறது. சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் 72 அடி மண் அணையை வாங்கி, படகு விட்டார்கள், மீன் வளர்த்தார்கள். மீன் தப்பாமலிருக்க உபரிநீர் வழியில் தடுப்புக் கம்பி போட்டார்கள். குதிரை வண்டி போக அணையின் தலையைச் சற்றுத் தாழ்த்தினார்கள். அடியிலிருந்த வடிகால் குழாய்களை முன்பே யாரோ கழற்றி விற்றிருந்தார்கள். இவர்கள் திரும்பப் போடவில்லை. 1889 மே 31 மழையில் அணை உடைந்து, கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். கிளப் உறுப்பினர்களில் எஃகு ஆலை அதிபர் கார்னகியும் ஒருவர். நாம் செய்ததில் வண்டிப்பாதை ஒன்றுதான் குறைவு.

“அது எழுபது அடி, நம்முடையது இருபது அடிகூட இருக்காது” என்றார் செயற்குழுவில் ஒருவர். சரி, நம் மாவட்டத்துக்கே வருவோம். வேடசந்தூர் பக்கம் குடகனாறு அணை 1977 வெள்ளத்தில் உடைந்தது. கரண்ட் போய் ஷட்டர்களை முழுதாகத் தூக்க முடியாமல், தண்ணீர் மண் கரையின் மேல் வழிந்தது. கருங்கல் சுவர் என்றால் கொஞ்ச நேரம் தாங்கும். மண் கரையில் வழியும் தண்ணீர் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே மேலேறும், பிறகு நிறுத்த முடியாது. நம் கரைக்குக் கீழே ஓடையை ஒட்டி லைன் வீடுகள் இருக்கின்றன. கரையின் உயரத்தை அங்கே நின்று அண்ணாந்து பார்த்து அளக்க வேண்டும்.

அடுத்தது கசிவு. வெளிச்சரிவின் அடியில், குளத்து நீரைத் திறந்துவிடும் பழைய மடைக் குழாய் வெளிவரும் இடத்தருகே எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே புல் மட்டும் வெயில் காலத்திலும் பச்சையாக நிற்கும். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை ஜனவரியில் அழைத்து வந்தோம். அவர் முதலில் கேட்டது ஒரு கண்ணாடி டம்ளர். கசிவு நீரைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு டீ குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் வண்டல் இல்லை. “மண் கரைன்னா கசியத்தான் செய்யும். தெளிவா வர்ற வரைக்கும் பயமில்லை. கலங்கி வந்தா உள்ளே மண்ணு அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம், அன்னைக்கே தண்ணிய இறக்கிடுங்க” என்றார். குழாயைச் சுற்றி மண்ணைச் சரியாகக் கெட்டிக்க முடியாது, துருவேறினால் அங்கேதான் முதலில் அரிப்பு வரும் என்றும் சொன்னார்.

இறக்குவதற்கு மடை திறக்க வேண்டுமே! மடையைத் திறக்கும் திருகைக் கடைசியாக யார் திருப்பினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடப்பாறையோடு மூன்று பேர் தொங்கியபின் பாதி திறந்தது. அப்புறம் இரண்டு நாள் மூட வரவில்லை. படகுகள் சேற்றில் உட்கார்ந்ததைப் பற்றி எனக்கு வந்த போன்களுக்கு இதுவே பதில்.

2018 கஜா புயலில் கரைமேல் சாய்ந்த மரம் வேரோடு பிடுங்கிய குழியை அன்று கொட்டுமண் போட்டு மூடினோம். இப்போது அது ஒரு முழம் அமுங்கியிருக்கிறது. செம்மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, கட்டையால் கெட்டிக்க வேண்டும். நிழலுக்காக விட்ட நான்கு மரங்களையும் எடுப்பதா என்பதை விவாதத்துக்கு விடுகிறேன். பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த வழியே தண்ணீர் புகும். என் கருத்து, எடுத்துவிடலாம். பெருச்சாளி வளைகளை அடைத்தாயிற்று.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கானது. 10 மீட்டருக்கு மேல் சிலவற்றுக்கும் பொருந்தும். நம் கரை அதில் வராது. அதாவது, பார்க்க நம்மைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக: இரண்டு படகுகளுக்கு வர்ணம் பூசினோம். உயிர்காப்புக் கவசங்களை மாற்றினோம். தணிக்கை செய்த கணக்கு தனியே தரப்பட்டுள்ளது. சந்தா பாக்கிக்காரர்கள் பெயரைப் படிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

பொதுக்குழு முன் வைக்கும் தீர்மானம்: மூன்றாவது பெடல் படகுக்கு ஒதுக்கிய தொகையில் மறுகாலை அகலப்படுத்துவது, மடைக்குப் புதுத் திருகு போடுவது, வலையை மீண்டும் கட்டாமல் விடுவது. செயற்குழுவில் ஐந்து பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு.

ஞாயிறுதோறும் கசிவை வாளியில் பிடித்து, நிரம்பும் நேரத்தையும் குளத்தின் மட்டத்தையும் நோட்டில் எழுதுகிறோம். ஜனவரியில் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பியது, மே மாதம் மட்டம் இறங்கியதும் மூன்று நிமிடம் ஆனது. மட்டம் மாறாமல் வாளி மட்டும் சீக்கிரம் நிரம்பினால் உடனே எனக்குச் சொல்லுங்கள். இந்த வாரம் கிழக்குத் தெருக்காரர்கள் முறை. வாளியும் நோட்டும் மோட்டார் ரூமில் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்