பேயை எடுத்துவிட்டுத் தரச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இலக்கியப் பக்கத்தில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். போரையும் சுனாமியையும் கண்ட சனத்துக்குப் பேய்க்கதை எதற்கு, இளம் ஆட்கள் சிற்றிதழ்களில் திகில் கதை எழுதிக் காலத்தை வீணாக்குகிறார்கள் என்று கேட்டிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐந்து வருடமாக நான் திகில் சிறுகதை மட்டுமே எழுதி வருகிறேன். பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

திருகோணமலையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் கடை பூட்ட இரவு எட்டாகும். மத்தியானம் சனம் குறைந்த நேரத்தில் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுவேன். இரவு வீட்டில் கொப்பியில் படியெடுப்பேன்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். இருட்டினால் விளக்குக் கொளுத்தக் கூடாது. தூரத்தில் ஷெல் விழத் தொடங்கினால் அம்மம்மா பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, மைதானத்து மூலையில் நின்ற புளியமரத்து முனியின் கதையைச் சொல்லுவா. நாங்கள் அந்த மரத்துக்குத்தான் பயந்தோம். முனி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. தலைமாட்டில் வேப்பிலை வைக்க வேண்டும். ஷெல்லுக்கு அப்படி ஒரு வழியும் எங்களிடம் இருக்கவில்லை. அம்மம்மா இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னாவோ தெரியாது. கதை முடிய முன்னம் நாங்கள் நித்திரையாகிவிடுவோம். பேய்க்கதை எதற்கு என்று கேட்டவருக்கு என்னிடம் உள்ள முதல் பதில் இதுதான்.

நான் எழுதிய முதல் கதை மான்களைப் பற்றியது. எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரியும். இரவில் டவுனுக்குள்ளும் வரும். கைபேசி வெளிச்சம் பட்டால் கண்கள் மினுங்கும். என் கதையில் ஒரு பெண் கடை பூட்டிவிட்டு நடந்து வருகிறாள். ஒன்றுமில்லாத ஓர் இடத்தை எல்லா மான்களும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பிறகு, யாரோ நடந்து போவதைப் பார்ப்பதுபோல, எல்லாத் தலைகளும் ஒன்றாக, மெதுவாக அவள் பக்கம் திரும்புகின்றன. அவ்வளவுதான்.

ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். நடை நல்லது, கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு, மான்கள் பிளாஸ்டிக் தின்று சாகிற பிரச்சினையைக் கொண்டுவந்தால் போடலாம் என்று பதில் வந்தது. அந்தப் பிரச்சினை உண்மையானது, எழுத வேண்டியதும்கூட. சரி என்று மாற்றிக் கொடுத்தேன். அச்சில் வந்தது. என் பெயரை முதன்முதல் அச்சில் கண்ட அன்று, பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோசத்தில் இல்லை.

அந்த ஆசிரியர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. சொந்தக் காசைப் போட்டு இதழ் நடத்துகிற மனிதர். ஈழத்துச் சிறுகதைக்கு 1950களிலிருந்து முற்போக்கு இயக்கம் யதார்த்தத்தைக் கற்றுக் கொடுத்தது. சாதியையும் கூலியையும் வறுமையையும் எழுத வைத்தது. அந்தக் கடன் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வழியில் பேய் என்றால் மூடநம்பிக்கை என்று ஒரு முடிவும் சேர்ந்தே வந்துவிட்டது. புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ என்ற பேய்க்கதையை எழுதினார். அது இலக்கியமா என்று இன்றைக்கு யார் கேட்கிறார்கள்?

இரண்டாவது கதையை ஒருவருக்கும் மாற்றிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு தாய் ஒவ்வொரு விடியலிலும் வாசற்படியில் ஒரு சோடி ஈரச் செருப்பைக் காண்கிறாள். மகனுடைய அளவு. எடுத்து, கிணற்றடியில் மண்ணைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பொழுதுபட முதல் திரும்ப வாசலில் வைக்கிறாள். மகன் எங்கே என்று கதையில் எங்கும் சொல்லவில்லை. யதார்த்தக் கதையாக எழுதியிருந்தால் அவன் இருக்கிறானா இல்லையா என்று நான் எங்காவது சொல்லியே ஆக வேண்டும். காணாமல்போன பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக றோட்டோரத்தில் இருக்கிற தாய்மாருக்கே தெரியாத ஒன்றை நான் எப்படி எழுதுவது? பேய்க்கதையில் அந்தக் கதவைத் திறந்தபடி விடலாம்.

அந்தக் கதையை வேறொரு சிறிய இதழ் ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டது. போட்டோக்கொப்பி அடித்து, நடுவில் மடித்து, இரண்டு ஸ்டேப்ளர் கம்பி குத்திய இதழ். சன்மானம் இல்லை, இரண்டு பிரதி தந்தார்கள். மூன்று மாதம் கழித்து மூதூரிலிருந்து ஒரு வயதானவர், இதழ்க்காரரிடம் நம்பர் வாங்கி எனக்கு எடுத்தார். கதை நல்லது, கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை. “பிள்ளை, என்ர மனிசியும் இரவில படலையைப் பூட்ட விடுறாவில்லை” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. வைக்கிறன் பிள்ளை என்று வைத்துவிட்டார்.

எழுதத் தொடங்குகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், எப்படிப் பயமுறுத்துவது என்று. இரத்தமும் சுடலையும் வெள்ளைச் சீலையும் எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரே ஒரு சாமானைப் பிடியுங்கள் என்பேன். வீட்டில் தினமும் கைபடுகிற சாமானாக இருக்க வேண்டும். செருப்பு, தேத்தண்ணிக் கோப்பை, கொடியில் காயும் சட்டை. அதில் ஒன்று மட்டும் பிழையாக இருக்கட்டும். பிறகு, ஒரு இரவு லைட்டை நூர்த்துவிட்டு வீட்டில் ஒருவருக்கு அதை வாயால் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் அவர் அசையாமல் இருக்கிறாரோ அங்கே கதையை நிறுத்துங்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் என் தங்கச்சிக்குச் சொல்லிச் சொல்லித்தான் நான் இதைப் பழகினேன். அந்த வருடம் கடதாசிக்கும் தட்டுப்பாடு. பெரிய பேப்பர்களே தடுமாறியபோது நான் இப்போது உதவி செய்கிற சிற்றிதழ் இரண்டு தரம் வராமலே போனது.

கடிதம் எழுதிய வாசகர் சொன்னதில் ஒன்று மிகவும் சரி. செத்தவர்களை வைத்துத் திகில் காட்டக் கூடாது. அந்த இதழுக்குச் சுனாமியில் போன ஒரு பிள்ளையின் ஆவி என்று கதை ஒன்று வந்தது. பிள்ளையின் பெயரைக்கூட மாற்றவில்லை. தாய் இன்னும் அதே தெருவில் இருக்கிறா. எழுதிய தம்பியைக் கூப்பிட்டு, அந்த அம்மாவுக்கு முன்னால் இருந்து இதை வாசிப்பீர்களா என்று கேட்டேன். கதையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கவனம் எங்களுக்கு வேண்டும், அதை யாரும் எங்களிடம் கேட்கலாம். பேய் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கதையைத் தள்ளி வைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் ஞாயிறு இதழில் மாதம் ஒரு திகில் கதைக்கு இடம் தாருங்கள் என்று கேட்கிறேன். இத்துடன் மான் கதையை அனுப்பியிருக்கிறேன். முதலில் எழுதியபடி, அந்தக் கடைசிப் பகுதியோடு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றி எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன். ஒரு தரம் இரவில் வாசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை.