கொக்கிளாய்ச் சுற்றுலாவில் பறவைகளைத் துரத்தியது தொடர்பான புகார்

உவர்மலை,
திருகோணமலை.

முகாமையாளர் அவர்களுக்கு,

பொங்கல் விடுமுறையில் உங்கள் நிறுவனத்தின் புல்மோட்டை, கொக்கிளாய் சுற்றுலாவுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தேன். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியிருந்தோம். பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

விடியப் புறப்படும் என்ற வான் எட்டு மணிக்குப் பிறகுதான் வந்தது. குச்சவெளி தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. சரி, அதை விட்டுவிடலாம். படகில் நடந்ததை விட முடியாது.

கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். நாங்கள் போனபோது பூநாரைக் கூட்டமொன்று ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் இருந்தே நன்றாகத் தெரிந்தது. எங்களுக்கு அதுவே போதும். உங்கள் வழிகாட்டிக்குப் போதவில்லை. "இன்னும் கிட்ட விடுங்கோ, பறந்தால்தான் படம் வடிவா வரும்" என்று படகோட்டியை ஏவினார். அந்த ஐயா தயங்கியது முகத்திலேயே தெரிந்தது. மறுபடியும் சத்தம் போட, எஞ்சினை முறுக்கினார். மேய்ந்த பறவைகள் ஒரேயடியாகத் தலையை நிமிர்த்தின, ஒன்றோடொன்று நெருங்கி நடந்தன, பிறகு தண்ணீரின் மேல் ஓடி எழும்பின. சற்றுத் தள்ளி இறங்கியவற்றையும் விடவில்லை. "நிப்பாட்டச் சொல்லுங்கோ அப்பா" என்று என் மகள் அழுதாள். நான் சொன்னதற்கு, "எல்லாரும் கேக்கிறது இதுதான் அண்ணை" என்று பதில் வந்தது.

நாங்கள் கேட்கவில்லை. பூநாரை சேற்றுத் தண்ணீரை அலகால் வடித்து, சின்னஞ்சிறு உயிர்களைப் பொறுக்கித் தின்கிற பறவை; வயிறு நிறைய மணிக்கணக்காக மேய வேண்டும். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் தின்னும் நேரமும் போகிறது, உடம்பில் சேர்த்த பலமும் போகிறது. சரணாலயத்தைக் காட்டிப் பிழைக்கும் நிறுவனம் இதைச் செய்யலாமா?

அப்புறம் புல்மோட்டை. கனிய மணல் தொழிற்சாலைக்குள் கூட்டிப்போவதாக உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது. வாசலில் காவலாளி அனுமதிக் கடிதம் கேட்டார். உங்கள் ஆளிடம் இல்லை. காவலாளி தன் கடமையைச் செய்தார், அவர்மீது குறையில்லை. இளமையில் அங்கே வேலை செய்த என் அப்பா, மறுபடி ஒருதரம் பார்க்கலாம் என்ற ஆசையில் வந்தவர். அவர் வானுக்குள்ளேயே இருந்துவிட்டார். பிறகு கடற்கரையில் கறுப்பு மணலைக் காட்டி, எரிமலைச் சாம்பல் என்றார் வழிகாட்டி. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிடி மணலை அள்ளி, இது இல்மனைற் என்ற கனியம், இதோடு ரூட்டைலும் சிர்க்கோனும் கலந்திருக்கும், வாடைக்கால அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போகப் பாரமானது கரையில் தங்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். வெள்ளைப் பெயின்றுக்கான நிறப்பொடி இந்தக் கறுப்பு மணலில் இருந்துதான் எடுக்கிறார்கள் என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இதைச் சொல்லத் தெரிந்த ஒருவரையல்லவா நீங்கள் அனுப்பியிருக்க வேண்டும்?

அதே விளம்பரத்தில் படகில் போய் நீலத்திமிங்கிலமும் புறாத்தீவும் பார்ப்பதும் இருந்தது. தை மாதத்தில் இந்தக் கடல் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பணம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். போன அன்றுதான் "கடல் சரியில்லை" என்றார்கள். அதற்கான காசு இன்னும் திரும்பி வரவில்லை.

போகாத கடற்பயணத்துக்கும் பார்க்காத தொழிற்சாலைக்கும் உரிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியமாக, பறவைகளைத் துரத்தக்கூடாது என்று உங்கள் வழிகாட்டிகளுக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்து, அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். மறுத்த படகோட்டியை வற்புறுத்தக்கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். அவர் உங்களிடம் கூலி வாங்குகிறவர், எதிர்த்துப் பேச முடியாது.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால், மகள் கைபேசியில் எடுத்த காணொளியோடு வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் எழுதுவேன்.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயருள்ள வாடிக்கையாளர்