வியன்னாவில் நின்றுகொண்டே பார்த்தவை

வியன்னா,
நவம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அங்கே மழை விட்டதா? ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது என்று அண்ணன் படம் அனுப்பியிருந்தான். இங்கே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

போனில் பேசும்போது, "சம்பளத்தையெல்லாம் நாடகம், காப்பி, படக்கண்காட்சி என்று அழித்துக்கொண்டிருக்கிறாயா?" என்று கேட்டீர்கள் அப்பா. அதற்கு இரண்டு வரியில் பதில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், இந்த ஊரில் பெரிய கலைஞர்களைப் பார்க்கவும் கேட்கவும் பணத்தைவிடக் கால் வலுதான் அதிகம் வேண்டும். ஆஸ்பத்திரி வார்டில் நடந்து நடந்து அது எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இங்கே ஸ்டாட்ஸ்ஓப்பர் என்று அரசு ஆபரா அரங்கம் இருக்கிறது. ஆபரா என்றால் பாட்டாகவே நடத்துகிற நாடகம். நல்ல இருக்கை என்றால் 200 யூரோவைத் தாண்டும். ஆனால் தரைத்தளத்தின் பின்பக்கமும் மேல் மாடங்களிலும் நின்று பார்க்கவென்றே இடம் விட்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டு, இருக்கை விலையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதிலும் தரைத்தளத்தில் நிற்கிற இடம், அந்தக் காலத்தில் பேரரசர் உட்கார்ந்த மாடத்துக்கு நேர் கீழே. அவர் பார்த்த அதே கோணத்தில்தான் நானும் மேடையைப் பார்க்கிறேன். உள்ளே போனதும் எல்லோரும் கழுத்துத் துணியைக் கழற்றிக் கம்பியில் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் அது உங்கள் இடம். வெளியே போய்விட்டு நிதானமாக வரலாம். திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலில் பார்த்தது டோஸ்கா என்ற ஆபரா. இத்தாலிய மொழிதான், ஆனால் நிற்பவர்களுக்கும் எதிரே சின்னத் திரை இருக்கிறது. அதில் மொழிபெயர்ப்பு ஓடும். கதையைக் கேளுங்கள். ரோம் நகரத்தில் ஒரு பாடகி. அவள் காதலன் ஓவியன். போலீஸ் தலைவன் அந்த ஓவியனைப் பிடித்து வைத்துக்கொண்டு, "நீ எனக்கு இணங்கினால் அவனை விடுகிறேன்" என்கிறான். அவள் சரி என்று சொல்லிவிட்டு, அவன் சாப்பாட்டு மேஜையிலிருந்த கத்தியாலேயே குத்திப்போடுகிறாள். அதோடு ஓடவில்லை. செத்தவன் தலைமாட்டில் இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைத்துவிட்டுத்தான் போகிறாள்! கடைசியில் காதலனும் பிழைக்கவில்லை, அவளும் கோட்டை மேலிருந்து குதித்துவிடுகிறாள். அம்மா பார்க்கும் சீரியல்களில் இதில் பாதிகூட நடக்காது. அந்த மேடை அமைப்பு 1958இல் செய்தது. இன்றைக்கும் அதையே வைத்து நடத்துகிறார்கள். பழையது நன்றாக இருந்தால் மாற்றாமல் விடுகிற குணம் இந்த ஊரில் அதிகம். சில நேரம் அது எரிச்சலாகவும் இருக்கும். வீட்டு வாடகைப் பத்திரத்தைக்கூடத் தபாலில்தான் அனுப்புவேன் என்று நின்றார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு. கட்டிக்கொண்டிருந்தபோதே, "தரைக்குள் புதைந்த பெட்டி" என்று ஊரெல்லாம் கேலி பேசியிருக்கிறார்கள். கட்டடக் கலைஞர்கள் இருவர். அவர்களில் வான் டெர் நுல் 1868இல் தூக்குப் போட்டுக்கொண்டார். கூட்டாளி சிக்கார்ட்ஸ்பர்க் சில வாரங்களிலேயே நோயில் இறந்துபோனார். 1869இல் நடந்த திறப்பு விழாவை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு, பேரரசர் பிரான்ஸ் ஜோசப் எதைக் காட்டினாலும் "மிக அழகாக இருந்தது, எனக்கு மிகவும் மகிழ்ச்சி" என்பதைத் தவிர வேறு சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாக இங்கே சொல்வார்கள். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து அரங்கம் எரிந்தது. பத்து வருடம் கழித்து, 1955 நவம்பரில், இசையமைப்பாளர் பீத்தோவனின் ஒரே ஆபராவைப் போட்டுத் திரும்பத் திறந்தார்கள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். பக்கத்தில் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தின் அடியில் ஒரு தொத்திறைச்சிக் கடை இருக்கிறது. கோட்டு சூட்டு போட்ட ஆபராக்காரர்கள், டாக்சி ஓட்டுநர்கள், என்னைப் போல ஷிப்ட் முடித்தவர்கள் என்று எல்லோரும் ஒரே பலகை மேல் முழங்கையை ஊன்றி நின்று சாப்பிடுகிறார்கள். இந்தக் கடைகளின் பழக்கவழக்கங்களையும் 2024இல் ஆஸ்திரியாவின் மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண், பாலாடைக்கட்டி அடைத்த தொத்திறைச்சியை ஒரு கை பார்ப்பாள். நான் அதைத் தொடுவதில்லை, அம்மா கவலைப்பட வேண்டாம். எனக்குச் சுட்ட செஸ்ட்நட் கொட்டை. குளிர் வந்ததும் தெருமுனைகளில் அடுப்பு வைத்துச் சுட்டு, காகிதப் பொட்டலத்தில் தருகிறார்கள்.

இங்கே ஷ்னிட்சல்தான் பெயர் பெற்ற சாப்பாடு. கன்றுக்குட்டி இறைச்சியைத் தட்டி மெல்லிசாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. வேறு இறைச்சியில் செய்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். அதுவும் எனக்கு வேண்டாம். எனக்குப் பிடித்தது கைசர்ஷ்மார்ன். முட்டையும் பாலும் மாவும் கலந்து தடிமனாக வார்த்து, வெண்ணெயிலேயே பிய்த்துப் புரட்டி, மேலே சர்க்கரைத் தூள் தூவி, தொட்டுக்கொள்ளப் பிளம் பழத்தை வேகவைத்துக் கொடுப்பார்கள். இரவுச் சாப்பாடாகவே இதைச் சாப்பிடலாம் என்று தெரிந்த அன்றிலிருந்து நான் இந்த நாட்டோடு சமாதானமாகிவிட்டேன்.

காப்பிக்கு வருகிறேன். ஒரு மெலாஞ்ச், அதாவது நுரைப்பால் காப்பி, நம் காசில் 500 ரூபாய் பக்கம். கேட்டதும் எனக்கும் நெஞ்சு பகீரென்றது. ஆனால் அந்தக் காசு காப்பிக்கு அல்ல, நாற்காலிக்கு. சின்ன வெள்ளித் தட்டில் காப்பியோடு ஒரு டம்ளர் தண்ணீர் வரும். தண்ணீர் தீர்ந்தால் திரும்ப வரும். அது ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து 1873இல் குழாய் போட்டு ஊருக்குக் கொண்டுவந்த தண்ணீர். வீட்டுக் குழாயிலும் அதேதான். செய்தித்தாள்களை மரச்சட்டத்தில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பரிமாறுகிறவர் கறுப்புக் கோட்டில், நாம்தான் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்கிற முகத்தோடு வருவார். அதுவும் மரபாம்! ஜெர்மன் தேர்வுக்கு நான் படித்ததெல்லாம் அப்படி ஒரு மூலையில்தான். காப்பி என்னவோ நம் வீட்டு டிகாஷன் பக்கத்தில் வராது.

இனி, அப்பாவுக்காக எழுத நினைத்த விஷயம். கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நான் ஆண்டுச் சீட்டு எடுத்திருக்கிறேன். மூன்று நான்கு தடவை போனாலே காசு ஈடாகிவிடும். வியாழக்கிழமைகளில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அங்கே பீட்டர் புரூகல் என்ற ஓவியரின் படங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. உலகத்தில் எஞ்சியிருக்கிற அவர் படங்கள் மொத்தமே நாற்பது சொச்சம்தான். நடுவில் உட்கார மெத்தை இருக்கை உண்டு. காப்பிக் கடையைப் போலவே அங்கேயும் யாரும் எழுப்புவதில்லை.

1560இல் வரைந்த ஒரு படம், முழுக்கப் பிள்ளைகள் விளையாடுவது. இருநூறுக்கும் மேலான பிள்ளைகள், எண்பதுக்கும் மேல் விளையாட்டு. இடது கீழ் மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை வைத்து அஞ்சாங்கல் ஆடுகிறார்கள். அப்பா, பொய் சொல்லவில்லை, அஞ்சாங்கல்! இன்னொரு பக்கம் பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் தடவிக்கொண்டு வருகிறாள். தூண்களுக்கு இடையில் பம்பரம். முன்னால் இரண்டு பேர் வளையம் உருட்டுகிறார்கள். அண்ணன் பழைய சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு கீழ வீதி முழுக்க ஓடியது ஞாபகம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் விசித்திரம். ஒரு பிள்ளை முகத்திலும் சிரிப்பு இல்லை. ஏதோ வேலை பார்க்கிற மாதிரி அவ்வளவு கவனம். யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. விளையாட்டு மும்முரத்தில் எந்தக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது?

அதே அறையில் குடியானவர் கல்யாணம் ஒன்றும் இருக்கிறது. களஞ்சியத்துக்குள் பந்தி. கழற்றிய கதவு ஒன்றில் கிண்ணங்களை அடுக்கி இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். குழல்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு அந்தக் கிண்ணங்களையே பார்க்கிறார், பாவம். பச்சைத் துணிக்கு முன்னால் பெண் கண்ணை மூடிக் கையைக் கோர்த்து உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை எங்கே என்று இன்றைக்கும் ஆராய்ச்சி செய்கிறார்கள். கதவைத் தூக்குகிறவர்களின் கால்களை எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக வரும். ராஜாவும் தேவதையும் நிறைந்த அந்த மாளிகையில், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்க்கிற அந்தக் குழல்காரர்தான் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார்.

எல்லாம் இனிப்பு என்று நினைக்க வேண்டாம். அந்த அருங்காட்சியகத்துக்கு எதிர்ப்புறம் உள்ள மைதானத்தில்தான் 1938 மார்ச்சில் ஹிட்லர் அரண்மனை மாடத்திலிருந்து பேசினான், கூட்டம் ஆர்ப்பரித்தது. கிளிம்ட் என்ற ஓவியர் ஒரு யூதக் குடும்பத்துப் பெண்ணைத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த படம், நாஜிகள் பறித்ததிலிருந்து பல வருடம் பெல்வெடேர் அரண்மனையில்தான் தொங்கியது. அந்தக் குடும்பத்து வாரிசு நெடுங்காலம் வழக்காடி 2006இல் அதை மீட்டார். அது இப்போது நியூயார்க்கில். பெல்வெடேரில் கிளிம்டின் முத்தம் படத்துக்கு முன்னால் கூட்டம் அலைமோதுகிறது. எனக்கென்னவோ அங்கே போனால் இல்லாத படத்தின் நினைவுதான் வருகிறது. நடைபாதையில் பல வீடுகளுக்கு முன்னால் சின்னப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள்; அங்கே வாழ்ந்து, கொண்டுபோய்க் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள்.

மத்திய இடுகாட்டுக்கும் ஒரு நாள் போனேன். அம்மா திட்ட வேண்டாம், இங்கே அது பூங்கா மாதிரி, டிராமில் குடும்பத்தோடு வருகிறார்கள். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் பக்கம் பக்கமாக. பீத்தோவன் கல்லறைக்கு முன்னால் நின்றபோதுதான் கணக்கு உறைத்தது. அவர் இறந்தது 1827. நம் சியாமா சாஸ்திரிகள் தஞ்சாவூரில் மறைந்ததும் அதே 1827. தியாகராஜர் அப்போது திருவையாற்றில் இருந்தார், தீட்சிதரும் இருந்தார். இவர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது, அவருக்கும் இவர்களைத் தெரியாது. மூவரும் பிறந்த ஊர்க்காரி அங்கே நிற்கிறேன் என்று உங்களுக்குப் போன் போட நினைத்தேன். நம் ஊரில் அந்நேரம் ராத்திரி.

மே மாதம் நீங்கள் வருவது பற்றி. அம்மாவுக்கு மூட்டு வலி, நிற்க வேண்டாம். வசந்த காலத்தில் ஆபராவை வெளிச்சுவரில் பெரிய திரை கட்டி நேரடியாகக் காட்டுகிறார்கள், நாற்காலியும் போடுகிறார்கள், காசு கிடையாது. கொஞ்சம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடலாம். அப்பா, உங்களுக்கு என் பக்கத்தில் கம்பியில் இடம் பிடிக்கிறேன். ஒரு நல்ல துண்டு கொண்டு வாருங்கள். அம்மா அரைக் கிலோ காப்பிப்பொடியும் பித்தளை ஃபில்டரும் மறக்காமல் வைக்கட்டும். விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், அண்ணனை வங்கிக்குப் போய் முத்திரையோடு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்