குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் சக நிர்வாகிகளுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கம் நம்முடையது. அதன்படி 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். அதற்குப் பிறகு 2025 செப்டம்பர் வரை நடந்த சில விஷயங்களும் இதில் வருகின்றன. அவற்றை அடுத்த ஆண்டு சொன்னால் யாருக்கும் பயன்படாது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது சாலைதான். குறுக்குத் தெருக்களுக்குப் புதிதாகத் தார் போட டெண்டர் முடிந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். வழக்கம் போலப் பழைய தாரின் மேலேயே கொட்டிவிட்டுப் போகும் ஏற்பாடு. இப்படி ஒவ்வொரு முறையும் ஏற்றி ஏற்றி, ஒரு காலத்தில் இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போனவர்கள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதமே அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு துறைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை அச்செடுத்து, மனுவோடு சேர்த்து, வார்டு இளநிலைப் பொறியாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கினோம். வேலை நின்றது. அப்புறம் பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் வந்தது.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் டேப்பும் சாக்பீஸுமாக வீடு வீடாகப் போய், கேட்டின் அடிக்கம்பியில் இருந்து தார் வரை அளந்து சுற்றுச்சுவரில் கோடு போட்டுவிட்டு வந்தார். தார் போட்டு முடிந்ததும் மறுபடி அளந்தார். கோடு போட்ட தெருக்களில் மட்டம் ஏறவில்லை. நாம் மனு கொடுக்கும் முன்பே போட்டு முடித்துவிட்ட தெரு மட்டும் உயர்ந்துதான் நிற்கிறது. அந்தத் தெருக்காரர்களின் கோபம் நியாயமானது. அடுத்த ஒப்பந்தத்தில் அதைச் சுரண்டிச் சரிசெய்யக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. அந்த வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகம் இரண்டின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு.

பஸ் ஓடும் பிரதான சாலையின் பள்ளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சாலை மாநகராட்சியுடையது அல்ல, நெடுஞ்சாலைத் துறையுடையது. அதற்கு வார்டு அலுவலகத்தில் எத்தனை மனு கொடுத்தாலும் அது மேஜையில்தான் கிடக்கும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி. மின்கம்பம் சாய்ந்தால் மின்வாரியம். எது யாருடைய வேலை என்று தெரிந்துகொண்டாலே நம் புகார்களில் பாதி சரியான இடத்துக்குப் போய்விடும். ஒரு பக்க அளவில் இதை அச்சடித்து எல்லா வீடுகளுக்கும் கொடுத்திருக்கிறோம். இன்னொன்று: கவுன்சிலரை வழியில் பார்த்தபோது சொன்னேன், சரி என்றார் என்பதெல்லாம் புகார் கணக்கில் வராது. புகார் எண் வாங்கி அதைச் சங்கத்திடம் கொடுங்கள். எண் இருந்தால்தான் நாங்கள் பின்தொடர முடியும்.

மழைநீர் வடிகால் தூர்வாரும் வேலை சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிந்தது. அள்ளிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனதால் முதல் மழையில் பாதி மறுபடி உள்ளே போய்விட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ஆண்டு தூரெடுத்த அன்றே வண்டியில் ஏற்ற வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். சொல்லித்தான் ஆக வேண்டும்: நம் வீடுகள் சிலவற்றின் கழிவுநீர்க் குழாய் அந்த வடிகாலில்தான் சேர்கிறது. பெயர் சொல்லவில்லை. இணைப்பை மாற்றிக்கொள்ளாதவர்களுக்காக மாநகராட்சியிடம் பரிந்து பேசச் சங்கம் வராது.

குப்பையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2025-இல் நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இன்படி மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நாப்கின், டயாப்பரைத் தாளில் சுற்றிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் அதை வெறும் கையால் பிரிக்கிறார்கள்.

அடுத்து நாய் விவகாரம். சங்கத்தில் இதைவிடச் சூடான விஷயம் வேறில்லை. எல்லா நாய்களையும் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று ஒரு தரப்பு. சோறு வைப்பவர்களைத் திட்டக் கூடாது என்று இன்னொரு தரப்பு. இருவருக்கும் சட்டம் சொல்வதை வாசித்துவிடுகிறேன். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது; ரேபிஸ் தாக்கிய நாய்க்கும் மூர்க்கமான நாய்க்கும் மட்டும் விலக்கு. அதே உத்தரவு, தெருவில் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறது. அந்த 2023 விதிகளில் 20-வது விதி இன்னும் ஒரு படி போய், அப்படி இடம் ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்தின் தலையிலேயே வைக்கிறது. மாடிப்படி, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றில் இருந்து தள்ளி இருக்க வேண்டும். எனவே பயன்பாட்டில் இல்லாத பம்ப் ரூமின் பின்பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். சோறு வைப்பவர்கள் இனி அங்கே வையுங்கள், மிச்சத்தை அன்றே அள்ளிவிடுங்கள்.

நம் தெருக்களில் எந்த நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க மகளிர் உறுப்பினர்கள் இருவர் விடியற்காலையில் சுற்றிக் காதுகளைப் பார்த்தார்கள். அறுவை முடிந்த நாயின் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். வெட்டு இல்லாதவற்றைப் படம் எடுத்து, தெருப் பெயரோடு மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினோம். வண்டி வந்து கொஞ்சத்தைப் பிடித்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது. மீதி இருக்கிறது. யாரையாவது நாய் கடித்தால், சிறு கீறல்தானே என்று விடாமல் குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

சொத்து வரியில் இரண்டு செய்தி. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. அடுத்த மாதம் அக்டோபர். இரண்டாவது, காலமான தந்தை பெயரிலேயே வரி ரசீது வரும் வீடுகள் நம்மிடம் நிறைய. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழ் பற்றி உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குச் சான்று அதுதான். ஆஸ்பத்திரியில் பதிவாகும்போது பெரும்பாலும் பெயர் இருக்காது. பெயர் சூட்டு விழா முடிந்த கையோடு போய்ச் சேர்த்துவிடுங்கள். ஓராண்டு வரை கட்டணம் இல்லை, அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

2025 ஜூலையில் தொடங்கிய தமிழக அரசின் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் நகர்ப்புறத்தில் 13 துறைகளின் 43 சேவைகளுக்கு மனு வாங்கினார்கள். நம் வார்டு முகாமில் வயதானவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். நன்றி.

கடைசியாகப் பகுதி சபை, அதாவது வார்டில் அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டம். 2016 அக்டோபரில் இருந்து 2022 தேர்தல் வரை நமக்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். ஒரு குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அலைந்த காலம் அது. இப்போது கவுன்சிலர் இருக்கிறார், 2022 நவம்பர் 1 முதல் அவர் தலைமையில் பகுதி சபையும் கூடுகிறது. பகுதி வாக்காளர் எவரும் உட்கார்ந்து பேசலாம், சொன்னது தீர்மானத்தில் ஏற வேண்டும் என்று கேட்கலாம். சென்ற கூட்டத்தில் நாற்காலிகள்தான் அதிகம். முதலமைச்சருக்கும் ஆணையருக்கும் தபால் போடும் நாம், நம் தெரு முனையில் நடக்கும் கூட்டத்துக்குப் போவதில்லை. பூங்கா நடைபாதை, உயர்ந்து நிற்கும் அந்தத் தெரு இரண்டையும் அடுத்த சபையில் தீர்மானமாகவே வைக்க எண்ணம். கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது, எனவே அதற்கு முன் வேலை உத்தரவு வாங்கியாக வேண்டும். தெருவுக்கு இருவராவது வர ஒப்புக்கொண்டு, கூட்டம் முடிந்து போகும் முன் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ள ஒருவர் முன்மொழியவும் ஒருவர் வழிமொழியவும் கேட்டுக்கொள்கிறேன். அதன் பின் பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

செயலாளர்