எந்த வலது இருக்கை, யாழினி?

அன்பு யாழினி,

எந்த ஏர்லைனில் சேரலாம் என்று கேட்டு நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். என்வாய், ரிபப்ளிக், ஸ்கைவெஸ்ட் என்று, பெரிய ஏர்லைன்களுக்காகச் சின்ன ஜெட் ஓட்டும் மூன்று அமெரிக்க ரீஜனல் கம்பெனிகளின் பெயர் போட்டு, எதிரே மணிக்கு எவ்வளவு சம்பளம், சேரும்போது என்ன போனஸ், எந்த விமானம், எத்தனை வருஷத்தில் கேப்டன் என்று அழகாக நிரப்பியிருக்கிறாய். அதில் இரண்டு பத்தி குறைகிறது. உன்னை எப்படிப் பயிற்றுவிப்பார்கள் என்பது ஒன்று, எந்த ஊரில் உட்கார வைப்பார்கள் என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் முடிவை இந்த இரண்டை வைத்துத்தான் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தின் ரீஜனல் கம்பெனிகள் முதல் வருஷ ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு, அதாவது வலது இருக்கையில் உட்காரும் துணை பைலட்டுக்கு, மணிக்கு 90 டாலர் அளவுக்குச் சம்பளத்தை உயர்த்தின. மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மாதம் 75 மணி நேரம் உத்தரவாதம் என்று வைத்துக்கொண்டால், அந்த விகிதத்தில் வருஷத்துக்கு 81,000 டாலர். மூன்று கம்பெனிக்கும் இடையே உள்ள வித்தியாசம் நீ வீடு மாற்றினால் ஆகும் செலவுக்குக்கூட வராது. போனஸ்தான் கண்ணை மறைக்கும். அந்த ஒப்பந்தத்தில் நாலு இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படி. எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்பது சேர்ந்த நாளிலிருந்து கணக்கா, பயிற்சி முடிந்த நாளிலிருந்து கணக்கா? நடுவில் போனால் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் தொகையா, கடைசி நாள்வரை முழுத் தொகையா? பயிற்சியில் தேறாமல் போனாலும், ஆட்குறைப்பில் அவர்களே அனுப்பினாலும் திருப்பித் தர வேண்டுமா? போனஸ் தவிர 'பயிற்சிச் செலவு' என்று தனியாக ஒரு தொகை இருக்கிறதா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கடனாகவே நினைத்துக்கொள், செலவழிக்காதே.

அடுத்தது, கம்பெனி யாருடையது என்பது. என்வாய் அமெரிக்கனுக்கே சொந்தம், அமெரிக்கனுக்கு மட்டுமே பறக்கிறது. ரிபப்ளிக்கும் ஸ்கைவெஸ்ட்டும் தனிக் கம்பெனிகள், பெரிய ஏர்லைன்கள் பலவற்றுக்கு ஒப்பந்தத்தில் பறக்கின்றன. டிக்கெட் விற்பதும், எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் பெரிய ஏர்லைன்தான். ரீஜனல் கம்பெனிக்கு விமானத்தை ஓட்டிக் கொடுத்ததற்குக் கூலி. பெரிய ஏர்லைன் பைலட்டுகளின் ஒப்பந்தத்தில் ரீஜனல் விமானம் 76 இருக்கை, 86,000 பவுண்டு எடைக்கு மேல் கூடாது என்று வேலி போட்டிருப்பதால்தான் நீ எங்கே சேர்ந்தாலும் எம்ப்ரேயர் 175, இல்லாவிட்டால் சிஆர்ஜே. ஒப்பந்தம் போனால் கம்பெனியும் போகும். 2020 ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற ரீஜனல்கள் மூடப்பட்டன, எக்ஸ்பிரஸ்ஜெட் 2022-ல் முடிந்தது. அங்கே பல வருஷம் இருந்தவர்கள் வேறு கம்பெனிக்குப் போனபோது சீனியாரிட்டிப் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்கினார்கள். தனிக் கம்பெனி என்றால் பல கூட்டாளிகள், ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் இருப்பார். சொந்தக் கம்பெனி என்றால் உள்ளிருந்தே பெரிய ஏர்லைனுக்குப் போகும் 'ஃப்ளோ' இருக்கும். ஆனால் ஃப்ளோ என்பது வரிசை மட்டும்தான். பெரியவர்கள் ஆள் எடுப்பதை நிறுத்தினால் அந்த வரிசையும் நிற்கும். '5 வருஷத்தில் போய்விடலாம்' என்று ஆள் சேர்ப்பவர் சொல்வதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதே.

இனி பயிற்சி. இதைத்தான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும்.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விழுந்தது உனக்குத் தெரியும். விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர் இறந்தார்கள். ஏர்லைனில் சேருமுன் உன்னை 1,500 மணி நேரம் பறந்து சேர்க்க வைத்த சட்டமே அதிலிருந்து வந்ததுதான். வேகம் குறைந்து, எச்சரிக்கையாகக் கன்ட்ரோலையே அதிர வைக்கும் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தபோது கேப்டன் மூக்கை இறக்காமல் கன்ட்ரோலைத் தன் பக்கம் இழுத்தார். அவருடைய பழைய தேர்வுகளில் தோல்விகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் மறுதேர்வில் தேறி மேலே போய்க்கொண்டே இருந்தார். அந்தப் பலவீனம் என்னவென்று உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்யும் ஏற்பாடு இல்லை. ஃபர்ஸ்ட் ஆஃபீசர் முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வழியாக வேலைக்கு வந்து சேர்ந்தவர். நான் கேட்கும் இரண்டு பத்தியும் அந்த ஒரு விபத்திலேயே இருக்கின்றன. இன்று சட்டப்படி எல்லா ஏர்லைனும் முழு ஸ்டால் வரை, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலைவரை, சிமுலேட்டரில் காட்ட வேண்டும், அது 2019-லிருந்து கட்டாயம். சட்டம் குறைந்தபட்சத்தைச் சொல்லும். அதற்கு மேல் ஒருவர் தடுமாறும்போது என்ன செய்கிறார்கள் என்பதுதான் அந்தக் கம்பெனியின் குணம்.

அதைக் கண்டுபிடிக்க ஆள் சேர்ப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. உன் ஃப்ளைட் ஸ்கூலிலிருந்து கடந்த ஒரு வருஷத்துக்குள் அங்கே சேர்ந்தவர்களைப் பிடி. வகுப்பு முடிந்து சிமுலேட்டர் தொடங்க எத்தனை வாரம் காத்திருந்தாய் என்று கேள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஸ்விட்சுகளைத் தொடும் வரிசையும் வாய்விட்டுச் சொல்லும் கால்-அவுட்டுகளும் கையில் ஊறியிருக்கும்போது ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தால் பாதி மறந்துவிடும், பழி பயிற்சியாளர் மேல் விழாது, உன் மேல்தான் விழும். சிமுலேட்டரில் ஜோடி யார் என்று கேள். உன்னைப் போலவே புதியவரா, கேப்டனாக உயர்வு பெறுபவரா, அல்லது இடத்தை நிரப்ப யாரையாவது உட்கார வைக்கிறார்களா? தினம் ஒரு பயிற்சியாளர் மாறுகிறாரா? கூடுதலாக ஒரு செஷன் கேட்டால் சாதாரணமாகக் கொடுக்கிறார்களா, கேட்டாலே குறிப்பேட்டில் கரும்புள்ளியா? மறுஆய்வுக் குழுவுக்கு ஒருவரை அனுப்பினால், உடன் உட்கார யூனியன் ஆள் உண்டா? என்வாயில் அல்பா என்ற பைலட் யூனியன் இருக்கிறது, ரிபப்ளிக்கில் டீம்ஸ்டர்ஸ் யூனியன், ஸ்கைவெஸ்ட்டில் பைலட்டுகளின் உள் சங்கம். அமைப்பு எதுவானாலும் உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதைத் தெரிந்துகொள்.

சிஎஃப்ஐ என்ற விமானப் பயிற்சியாளர் வேலையிலிருந்து ஜெட்டுக்குப் போகிறவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பது கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் வி1 கட். புறப்படும்போது வி1, அதாவது இனி நிறுத்தாமல் மேலே போய்த்தான் ஆக வேண்டும் என்ற வேகம், தாண்டியதும் ஒரு இன்ஜின் போகும். ஓடுபாதையில் இருக்கும்வரை வால் பக்கத்து ரட்டரை மிதித்து நேராக வைத்துவிடுவாய், பிரச்சினை இல்லை. சக்கரம் தரையை விட்ட கணத்தில் தரையின் பிடி போய்விடும், மூக்கு செத்த இன்ஜின் பக்கம் திரும்பப் பார்க்கும். உடனே கை தன்னிச்சையாக, விமானத்தைச் சாய்க்கும் எய்லிரானைத் திருப்பும். பெரிதாகத் திருப்பினால் இறக்கையின் ஸ்பாய்லரும் எழும்பும், இழுவை கூடும், ஏற்கெனவே குறைந்த ஏற்றம் இன்னும் குறையும். இதைத் தவிர்க்க ரொட்டேஷனை, அதாவது மூக்கைத் தூக்குவதை, மெதுவாகச் செய், விநாடிக்கு 3 டிகிரிக்கு மேல் வேண்டாம், காலில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் தயாராக வைத்திரு. ஏறுவது உறுதியானதும் 'பாசிட்டிவ் ரேட்', சக்கரத்தை மடக்க 'கியர் அப்'. 400 அடி வரும்வரை வேறு எதையும் தொடாதே. செக்லிஸ்ட்டைக் கேட்கும் அவசரம்தான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது.

அடுத்தது உயரத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் குறைப்பது. செஸ்னாவில் த்ராட்டிலை இழுத்தால் இரண்டும் குறையும். ஜெட் வழுக்கிக்கொண்டே போகும், ஒரே சமயத்தில் இறங்கவும் மாட்டேன் வேகம் குறையவும் மாட்டேன் என்று நிற்கும். 35,000 அடியிலிருந்து ஒரு புள்ளியை 10,000 அடி, 250 நாட் வேகத்தில் கடக்கச் சொன்னால், இறங்க வேண்டியது 25 ஆயிரம் அடி, 25-ஐ 3-ஆல் பெருக்கு, 75 மைல். வேகம் 300-லிருந்து 250-க்குக் குறைய ஒவ்வொரு 10 நாட் வேகத்துக்கும் ஒரு மைல், இன்னும் 5. பின்காற்று இருந்தால் மேலும் சில. ஆக, 80 மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கும், ஆனால் தரைக் கட்டுப்பாட்டு அறையான ஏடிசி குறுக்குவழி கொடுத்த நொடியில் அந்தக் கணக்கு பழசாகிவிடும். மனக்கணக்கு இல்லாதவர்கள் அங்கேதான் தரையிறங்க நெருங்கும்போது 1,000 அடியில் வேகமும் உயரமும் நிலைப்படாமல் வந்து நிற்கிறார்கள். எம்ப்ரேயரில் இன்ஜின் சக்தியைத் தானே வைக்கும் ஆட்டோ த்ராட்டில் இருக்கிறது. ஸ்கைவெஸ்ட்டில் சிஆர்ஜே கிடைத்தால் கையால்தான் பவர் வைக்க வேண்டும், முதல் வாரம் கஷ்டம், பிறகு அது நல்ல பழக்கம். விமான வகையை வைத்து மட்டும் ஒரு கம்பெனியை ஒதுக்காதே.

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே லிமிட்டேஷன்களும் (விமானத்தின் எல்லை எண்கள்) மெமரி ஐட்டங்களும் (அவசரத்தில் பார்க்காமல் செய்ய வேண்டியவை) வாய்ப்பாடு மாதிரி வர வேண்டும். காக்பிட் போஸ்டரை உண்மை அளவில் அச்சடித்து, நாற்காலி போட்டு எதிரே சுவரில் ஒட்டு. கையை நீட்டி, ஒவ்வொரு ஸ்விட்சையும் தொட்டு, வாய்விட்டுச் சொல்லு. கண்ணால் படிப்பது போதாது, கை அந்த இடத்துக்குப் போகப் பழக வேண்டும்.

சிமுலேட்டர் முடிந்தால் பயிற்சி முடிந்தது என்று நினைக்காதே. செக் ஏர்மேன் என்ற சோதிக்கும் பைலட்டோடு பயணிகளை வைத்துப் பறக்கும் ஓஇ என்ற கட்டம் பொதுவாக 25 மணி நேரம். சிமுலேட்டர் தேர்வு முடிந்ததிலிருந்து 120 நாளுக்குள் 100 மணி நேரம் பறந்து கைப்பழக்கத்தை உறுதி செய்ய வேண்டும். ஊர் விஷயம் இங்கேதான் வருகிறது. ஆள் அதிகமாக எடுத்துவிட்ட பேஸில் (வேலை தொடங்கும் ஊரில்) புதியவர்கள் ரிசர்வில், அதாவது கூப்பிட்டால் வர வேண்டிய காத்திருப்பில், சும்மா உட்காருவார்கள். 100 மணி சேராவிட்டால் மறுபடி சிமுலேட்டர், சோதனை. கேப்டனாவதற்கு ஏர்லைனில் 1,000 மணி நேரம் வேண்டும். மாதம் 80 மணி பறந்தால் ஒரு வருஷம் சொச்சம், 35 மணி என்றால் இரண்டரை வருஷம் நெருங்கிவிடும். ஆகவே 'எத்தனை வருஷத்தில் கேப்டன்' என்ற உன் பத்தியில் கம்பெனி சொன்ன எண்ணை அழித்துவிட்டு, அந்த பேஸில் ரிசர்வில் இருக்கும் கடைசி ஆள் போன மாதம் எத்தனை மணி பறந்தார் என்று எழுது.

நீ டாலஸில் இருக்கிறாய். ஷார்ட் கால் என்ற குறுகிய அவகாச ரிசர்வ் என்றால் கூப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும். நியூவார்க்கோ சிகாகோவோ பேஸாக வந்தால் அங்கே பைலட்டுகள் பகிர்ந்து தங்கும் கிராஷ் பேட், டாலஸில் வாடகை என்று இரட்டைச் செலவு. விடுமுறை நாளில் பாதி, வீட்டுக்குப் பறக்க ஜம்ப்சீட் என்ற ஊழியர் இருக்கைக்குக் காத்திருப்பதிலேயே போகும். 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி தூங்க வாய்ப்பு என்று விதி கொடுக்கிறது. வேலைக்கு வந்து சேரும் பயணத்தை அந்த விதி கணக்கில் எடுக்காது, அந்தக் களைப்பு உன் பொறுப்பு. களைப்பாக இருக்கிறேன் என்று சொன்னால் சம்பளம் வெட்டுவார்களா, மருத்துவ விடுப்பில் கழிப்பார்களா, என்ன நடந்தது என்று மட்டும் கேட்பார்களா? இதையும் அதே பழைய மாணவர்களிடம் கேள். டாலஸில் பேஸ் தரும் கம்பெனியில் பயிற்சி பற்றி நல்ல பேச்சு வந்தால், போனஸ் குறைவாக இருந்தாலும் அங்கேயே போ என்பது என் எண்ணம்.

உன் சிஎஃப்ஐ தேர்வில் முதல் முறை தேறாமல் போனதைப் பற்றிக் கவலைப்படுகிறாய். அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸில் அது இருக்கும், நீயே உள்ளே போய்ப் பார்க்கலாம். 2019-ல் டெக்ஸாஸில் விழுந்த அட்லஸ் ஏர் 3591-ன் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் பழைய பயிற்சித் தோல்விகளை மறைத்து வேலை வாங்கியவர் என்று விசாரணையில் வந்தது. மறைக்கிற காலம் முடிந்துவிட்டது, மறைக்க வேண்டிய அவசியமும் உனக்கு இல்லை. நேர்காணலில் எந்தப் பகுதியில் போனது, ஏன் போனது, அதற்குப் பிறகு என்ன மாற்றினாய் என்று மூன்று வாக்கியம் போதும். பரிசோதகரைக் குறை சொல்லாதே. இதே காரணத்தால்தான் முதல் ஏர்லைனின் பயிற்சித் தரம் இவ்வளவு முக்கியம். அங்கே அவசரத்தில் வரும் ஒரு தோல்வி நீ பிறகு போக நினைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் உன்னோடு வரும். நிலைமை கெட்டால் ராஜினாமா செய்து தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, விலகியதும் பதிவாகும்.

ஊரில் சொந்தக்காரர்கள் இந்தியாவில் 200 மணி நேரத்தில் ஏர்பஸ் ஓட்டுகிறார்களே, இவள் ஏன் இன்னும் செஸ்னாவில் என்று கேட்பதை அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அமெரிக்காவில் சட்டம் வேறு, பாதை வேறு. அதை மனதில் வைத்துக்கொண்டு முதலில் வந்த வகுப்புத் தேதிக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதே. சீனியாரிட்டிக்கு ஒரு மாதம் முக்கியம்தான். ஆனால் எங்கே சேர்கிறோம் என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் குறையாது.

மூன்று கம்பெனியின் போனஸ் ஒப்பந்தத்தையும் முழுசாக ஸ்கேன் செய்து அனுப்பு, கையெழுத்துப் பக்கம் மட்டும் போதாது. பைலட் ஒப்பந்தத்தில் ரிசர்வ், பயிற்சி, களைப்பு பற்றிய பகுதிகளும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் காலை நேரத்தில் கூப்பிடு, வரிவரியாகப் பார்த்துவிடலாம். அதற்குள் குறைந்தது இரண்டு பழைய மாணவர்களிடமாவது பேசி வைத்திரு.

அன்புடன்,
அப்பா